காலடி மண்

விடிகாலையில் கண் விழித்த தேவகனி, அலறல் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலின் தலைமாட்டில் பெரியம்மா நின்றிருந்தாள். அசையாமல், அவள் முகத்தையே பார்த்தபடி.

"என்ன பெரியம்மா?"

பெரியம்மா திரும்பிப் போய்விட்டாள்.

வந்த பதினொரு நாளும் இதே கதைதான்.

தேவகனி பினாங்கில் பிறந்தவள். அங்கே கடை வைத்திருந்த அய்யாக்குட்டியின் இரண்டாம் தாரத்து மகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அம்மா இறந்ததும், படித்துக்கொண்டிருந்தவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அப்பா தூத்துக்குடிக்கே, முதல் மனைவி சுடலைமாடத்தியிடம் வந்துவிட்டார். எட்டு வருஷம் கழித்து, பக்கவாதத்தில் படுத்துவிட்டார் என்று கடிதம் வந்தது. நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கப்பலேறினாள்.

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. மகள் கையைப் பிடித்தால் விடமாட்டார், அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்குப் பேச்சு வரும். ஆனால் பேசவில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏளா, நான் சொன்னேன்னு சொல்லிராத. நேத்து நீ தலை சீவி எந்திரிச்சதும், உதிர்ந்த முடியை உன் பெரியம்மா பொறுக்கினா."

"எதுக்கு?"

"முந்தாநாள் நீ முத்தத்துல நடந்து போறே, பின்னாலயே வந்து உன் காலடி மண்ணை அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா! இதெல்லாம் எதுக்கு எடுப்பாவ? சக்களத்தி பெத்த பிள்ளைலா நீ. சட்டுனு ஊரு போய்ச் சேரு."

தேவகனிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று சீப்பில் சிக்கிய முடியைத் தானே எடுத்து அடுப்பில் போட்டாள்.

முடி பொசுங்கியது. அடுப்படியில் இருந்த பெரியம்மா, "அய்யோ!" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மெட்ராஸ் ரயில். பிறகு கப்பல். கிளம்ப மனசே வரவில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்தால் அப்பா ஒரு வார்த்தையாவது பேசிவிடுவார் என்று தோன்றியது. இந்தப் பெரியம்மாவிடம் அவரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

பெட்டியை எடுக்க உள்ளறைக்குப் போனாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன மண்கலயம். வாயில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

துணியை அவிழ்த்தாள்.

ஒரு சுருள் முடி. அவளுடையது. அதற்குக் கீழே மண்.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம்.

"அதைக் கீழ வையி."

தேவகனி வெடித்தாள். "எங்கம்மா செஞ்சதுக்கு என்னைக் கொல்லணுமா? என்னை என்ன வேணா பண்ணிக்குங்க. எங்கப்பாவை விட்டுருங்க!"

சுடலைமாடத்தி கலயத்தை வாங்கித் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள். இத்தனை நாளில் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அப்போதுதான்.

"உங்கப்பா கப்பலேறின அன்னைக்கு, 'அவன் தலைமுடியும் காலடி மண்ணும் எடுத்து வையிளா, எங்க போனாலும் வீடு திரும்பிருவான்'னு எங்க மாமியா சொன்னாவ. எனக்குச் சின்ன வயசு. சிரிச்சிட்டு விட்டுட்டேன். பதினெட்டு வருசம் வரல."

வாசலில் குதிரை வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

"தூங்கையில உனக்கு அவரு சாடை அப்படியே இருக்கு. அதான் வந்து வந்து பாப்பேன்." சுடலைமாடத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குன்னு ஒரு பிள்ளை இல்லளா. நீயாவது திரும்பி வரணும்லா?"

தேவகனி அப்பாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டாள். அவர் பிடித்த கையை மெல்ல விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

முற்றத்தில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டி வரைக்கும் மண்ணில் காலை அழுத்தி அழுத்தி வைத்து நடந்தாள்.