அடியில்லாத சப்பாத்து

வாசலில் கிடந்த சப்பாத்தில் ஒன்றை எடுத்துத் தில்லையம்பலம் மடித்துப் பார்த்தார். தோசை மாதிரி மடிந்தது. குதியும் இல்லை, அடியும் இல்லை.

மகள் சாமினியைப் பெண் பார்க்கத் தரகரோடு வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். விடியவே சந்தைக்குப் போன தில்லையம்பலம் இப்போதுதான் வெள்ளவத்தை பிளாட்டுக்குத் திரும்பியிருந்தார். வாசலில் நாலைந்து சோடி கிடந்தன. அவர் கண் இதில்தான் நின்றது. மாப்பிள்ளையின் லட்சணம் இதுதானா?

சாமினிக்கு முப்பத்தொரு வயது. இதுவரை ஆறு பேரை அவர் திருப்பி அனுப்பியாயிற்று. ஒருவன் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தான். இன்னொருவன் பார்க்கவே இல்லை.

சாமினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள்.

"காலில ஒரு குறையும் இல்லை," என்று தில்லையம்பலம் முந்திக்கொண்டார். "தவறாமல் விடியக் கோயிலுக்குப் போற பிள்ளை. படியில பிசகிட்டுது."

பிறகு மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் பக்கம் திரும்பினார். "தம்பி ஓடுற ஆளோ?"

"ஓம் அங்கிள். விடிய மரீன் டிரைவில ஓடுறனான்."

"இப்பிடி அடியில்லாததைப் போட்டுக்கொண்டோ?" வாசலைக் காட்டினார்.

கிருஷ்ணராஜ் வாசலைப் பார்த்தான். பதில் வரச் சுணங்கியது. கள்ளன்தான் என்று அவருக்கு உறுதியாயிற்று.

"ஓம், இந்த வகைதான். தடிச்ச அடியில முழங்கால் நொந்தது, அதுதான் மாறினனான். முதல் ரெண்டு மூண்டு கிழமை கெண்டைக்கால் இறுகும், பிறகு பழகிடும்."

"என்ன விலை?"

"முப்பதாயிரம்."

"அடியில்லாததுக்கோ? அடியோட எடுத்தா?"

"அடியோட எண்டா மலிவு, அங்கிள்."

தரகர் சிரித்தார். தில்லையம்பலம் எழும்பிக் குசினிக்குப் போனார்.

"சரிவராது," என்றார் மனைவியிடம்.

"ஏனப்பா? நல்ல வேலை. அமைதியான பொடியன்."

"அமைதியானவனைத்தான் கவனமாப் பாக்கவேணும். அடி வாங்க வக்கில்லை, முப்பதாயிரமாம். தரகர் சொன்னதை விட்டா, அவனைப்பற்றி இந்த வீட்டில ஆருக்கு என்ன தெரியும்?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்த சாமினி தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். "அப்பா, இதையும் குழப்பினா இனி எனக்கு ஒருத்தரையும் பாக்கவேண்டாம்."

ஒரு முறை பார்த்தவனுக்காக இவள் ஏன் இப்படிச் சீறுகிறாள் என்றுதான் தில்லையம்பலம் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள், வந்தவர்கள் விடைபெற்று லிஃப்டில் இறங்கிவிட்டார்கள்.

வாசலுக்கு வந்தார். அந்தச் சப்பாத்து அங்கேயே கிடந்தது.

நல்லதாய்ப் போயிற்று. இதைக் கொடுக்கும் சாட்டில் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியால் இறங்கினார்.

கீழே கிருஷ்ணராஜ் வாகனக் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"இந்தாரும் தம்பி, உம்மட முப்பதாயிரம். விட்டிட்டுப் போறீர்."

நீட்டியபோதுதான் அவன் காலைப் பார்த்தார். கறுப்புத் தோல் சப்பாத்து. தடித்த அடி.

கிருஷ்ணராஜ் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான்.

"என்ரது வாகனத்துக்க கிடக்கு, அங்கிள். இது சாமினியின்ர."