நான்கு பத்தில் நின்ற கடிகாரம்

மாணவர்களின் வாடகை அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. பதினோரு வருடத்தில் அது ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை. அங்கே குறும்படம் எடுக்க வந்த மங்கை, முட்களை நான்கு பத்தில் வைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டாள்.

"மானமே போச்சு! ஓடாத கடிகாரத்தைக் குப்பையிலதான போடுவாங்க?" என்று அது கொடியில் தொங்கிய சட்டையிடம் புலம்பியது.

"அட, நீங்க வேற பெரியவரே! இந்த டீக்கறையோட மூணு நாள் என்னைத் துவைக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் அழறேனா?" என்றது கதாநாயகனின் சட்டை. "கதையில நடக்கிறது ஒரே சாயங்காலம். எடுக்கிறது மூணு நாள். நீங்க ஓடுனீங்கன்னா, படத்துல அவன் ஒரு வாய் டீ குடிக்கிறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் போயிடும்."

கடிகாரம் முட்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஓடுவதைவிட நிற்பது கஷ்டமாக இருந்தது. இரண்டாம் நாள் யாரோ மேசையைச் சுவரில் இடித்தபோதும் முள்ளை அசையவிடவில்லை.

மூன்றாம் நாள் மங்கை எல்லாக் காட்சிகளையும் போட்டுப் பார்த்தாள். "நாலு பத்து, நாலு பத்து! ஒரு நூல் பிசகலடா!" என்று கத்தினாள். பேட்டரியைப் போட்டு, நேரத்தைச் சரிசெய்து மாட்டினாள்.

வாளிக்குள்ளிருந்து சட்டை குரல் கொடுத்தது. "பெரியவரே, எவ்வளவு நேரம் ஊறணும்?"

"அரை மணி," என்றது கடிகாரம். "நீ நிம்மதியா ஊறு. நான் பார்த்துக்கிறேன்."