நாலாவது வகை

"போன்ல பேசறதுக்குக் கூடவா சார் ஒரு பாடம்? இப்பல்லாம் கைக்குழந்தையே போனை வெச்சுக்கிட்டுத்தான் சோறு சாப்பிடுது."

தலைமையாசிரியை இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். மத்தியானம் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. மேல்நிலை வகுப்பில் இருக்கும் அலுவலகப் பயிற்சிப் பிரிவை இந்த வருஷத்தோடு மூடிவிடலாமா என்று கேட்பார்கள். மூடிவிடலாம் என்றுதான் அவர் சொல்லப் போகிறார். நுழைவுத் தேர்வுக் கோச்சிங்குக்கு அந்த அறை வேண்டுமாம்.

எதிரே நின்றுகொண்டிருந்த வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஆபீஸ்'. டைப் அடிப்பது, ஃபைல் போடுவது, மேலதிகாரியிடம் லீவு கேட்பது வரைக்கும் எல்லாம் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் மார்க் தேறாத பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடம் என்று அவர் வகுப்புக்குப் பெயராகிவிட்டது. அவரிடம் படித்த யாரும் டாக்டர் ஆகவில்லை. பிறகு யார் மதிக்கப் போகிறார்கள்?

"எல்லாருக்கும் பேசத் தெரியும் மேடம். வேலையில பேசத் தெரியாது. ஒண்ணைக் கேக்கறதுக்குப் பண்ற போன் வேற, தகவல் சொல்றது வேற, மன்னிப்புக் கேக்கறது வேற. மொதல்ல பேரு, அடுத்தது எங்கேர்ந்து பேசறோம். அதைச் சொல்லலேன்னா நான் மார்க்கே போட மாட்டேன். நாலாவது வகை ஒண்ணு இருக்கு. அதை மட்டும் வருஷக் கடைசியிலதான் எடுப்பேன். ஏன்னா..."

"சார், கமிட்டிகிட்ட இதெல்லாம் எடுபடாது. உங்ககிட்ட படிச்சவங்க நல்லா இருக்காங்கன்னு ஏதாவது காட்டுங்க. நான் என்ன கல்நெஞ்சுக்காரியா?"

"ஆல்பம் இருக்கு மேடம். வேலைக்குச் சேர்ற அன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களும் ஒரு போட்டோ அனுப்பும். ஒட்டி வெச்சிருக்கேன். காலையில கிளம்பற அவசரத்துல வீட்லயே விட்டுட்டேன். வீட்டுக்காரி ஸ்கூட்டர்ல எடுத்துட்டு வர்றா. மழைக்கு எங்கேயாவது ஒதுங்கி நிப்பா."

"பழைய பசங்க போன் பண்ணுவாங்கன்னும் சொன்னீங்க."

சொல்லியிருந்தார்தான். காலையிலிருந்து ஒரே ஒருவன் பண்ணினான். 'மீட்டிங்ல இருக்கேன் சார், அப்புறம் கூப்பிடறேன்' என்று சொல்லி வைத்துவிட்டான்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றார் தலைமையாசிரியை.

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நினைத்தபடியே வாத்தியார் போனை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். சட்டென்று முகம் மலர்ந்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"வணக்கம் சார். நான் கீச்சு பேசறேன். கடைசி பெஞ்சு."

"அட, கீச்சுவா?" வாத்தியார் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "வாயைத் திறந்தா கீச்சுன்னுதான் சத்தம் வரும் மேடம். வகுப்புல எழுந்து நிக்கச் சொன்னாலே அழுதுடும். இப்பக் குரலைக் கேட்டீங்களா?"

குரல் நிதானமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் முழுசாகக் காதில் விழுந்தது.

"சார், இப்ப உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா?"

"கேக்கறா பாருங்க மேடம். அனுமதி கேட்டுட்டுத்தான் பேசறா."

தலைமையாசிரியை நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அவரும் பரீட்சைத் தாள் திருத்தியவர்தானே, சும்மா விடுவாரா? "எல்லாம் சரி சார். எங்கேர்ந்து பேசறான்னு சொல்லவே இல்லையே. உங்க கணக்குல மார்க் கிடையாதே."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "மாட்டிக்கிட்டியாம்மா. மேடம் பிடிச்சுட்டாங்க. எங்கேர்ந்து பேசற?"

"சொல்றேன் சார். மேடம் உங்க பக்கத்துலயே இருக்காங்களா? கொஞ்ச நேரம் உங்ககூடவே இருப்பாங்களா?"

"இருப்பாங்க, இருப்பாங்க. நீ பேசறதைக் கேக்கத்தான் உக்காந்திருக்காங்க. தைரியமாப் பேசு. நம்ம வகுப்பு இருக்கறதும் போறதும் இப்ப உன் கையிலதான் இருக்கு."

மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. குரல் மட்டும் மாறவில்லை.

"நீங்க நின்னுக்கிட்டிருக்கீங்களா சார்? உக்காருங்க. அவசரமில்லை, நான் லைன்லயே இருக்கேன்."

வாத்தியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. கையால் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை அதைக் கவனிக்கவில்லை. கமிட்டிக்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். "என்ன பதவிசாப் பேசறா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, போனை எடுத்தா 'என்ன'ன்னுதான் கேக்கும். ஆல்பமெல்லாம் வேண்டாம் சார். வகுப்பு இருக்கட்டும்னே எழுதிடறேன். போதுமா?" பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "ஆமா, அந்த நாலாவது வகை என்னன்னு சொல்லவே இல்லையே?"

"கெட்ட சேதி சொல்றது மேடம்." வாத்தியாரின் குரல் கம்மியிருந்தது. "அதுக்கு மட்டும் எங்கேர்ந்து பேசறோம்னு முதல்ல சொல்லிடக் கூடாது. துணைக்கு ஆள் இருக்கான்னு கேட்டு, உக்கார வெச்சுட்டு, அப்புறம்தான் சொல்லணும்."

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"உக்காந்துட்டேம்மா. எந்த ஆஸ்பத்திரி?"