துருவேறாத தண்டவாளம்

கேட் கீப்பர் அக்கா மூச்சிரைக்கச் சக்கரத்தைச் சுற்றினாள். தண்டவாளத்தைப் பெயர்க்க வந்த கிரேனின் மூக்கருகே ரயில்வே கேட் இறங்கி நின்றது.

“ரயில் பட்டறையை மூடியாச்சு, வண்டியும் நின்னுபோச்சு. யாருக்குக்கா கேட்டு?” கத்தினான் பழைய இரும்பு காண்டிராக்டர்.

“என் வீட்டுக்காரர் ஓட்டிட்டு வர்றாரு.”

“அவர்தான் செத்துட்டாரே!”

“செத்தவரே டூட்டிக்கு வர்றாரு, உனக்கென்னய்யா அவசரம்? இந்த ஊரே இந்த லைனாலதான் உண்டாச்சு. நான் இருக்கிறவரை ஒரு போல்ட்டைக்கூடக் கழட்ட முடியாது.”

சிரித்தபடி குனிந்தவன் சிரிப்பை நிறுத்தினான். ரயில் ஓடாத தண்டவாளம் துருவேறிக் கிடக்க வேண்டும். இது தினமும் சக்கரம் தேய்த்ததுபோல் பளபளத்தது. தொட்டான். அதிர்ந்தது.

“எந்தப் பக்கமிருந்து வருது?”

“ஆத்துப் பக்கம்.”

அவன் முகம் வெளுத்தது. ஆற்றுப் பாலத்தைப் போன மாதம் பிரித்து விற்றவனே அவன்தான்.