ரிஷாத் சேரின் பூட்டு

“உள்ள போகாதீங்க, அஸ்ரியா! அது எண்ட தனி இடம்.”

ரிஷாத் சேர் கத்திய கத்தலில் அஸ்ரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். திரையிலும் அதே அதட்டல் சிவப்பில் நின்றது: ‘இந்த மொட்யூலைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

கண்டக்குழி என்ற மீனவக் கிராமத்தில் இருந்துகொண்டே சொந்தமாக ஒரு புரோகிராமிங் மொழி செய்தவர் அவர். எந்த மொட்யூலை, அதாவது நிரல் துண்டை, யார் தொடலாம் என்பதற்கு அதில் மூன்று விதி: எல்லாரும், ஒரே பெக்கேஜ் தொகுப்பில் இருப்பவர்கள், எழுதியவர் மட்டும். அவர் எழுதியதெல்லாம் மூன்றாவது.

மீனவர்களின் ஃபோனுக்குக் கடல் நிலவரம் அனுப்புவது அஸ்ரியாவின் வேலை. அந்த நிலவரத்தைச் சொல்வது சேரின் ‘கடல்மூளை’ மொட்யூல். கிழமை முழுக்க இரண்டு நிமிடத்தில் பதில் தரும். ஞாயிறு காலையில் மட்டும் ஊமையாகிவிடும்.

இன்று ஞாயிறு. எட்டு மணிக்குக் கொழும்பிலிருந்து விருதுக் குழு வருகிறது.

“இண்டைக்கும் பதில் வராட்டி, நாளைக்கு நீங்களும் வர வேணாம்.”

“பிழை உங்கட மொட்யூல்ல இருந்தா, சேர்? ஒரே பெக்கேஜில இருக்கிற எனக்காவது திறந்து விடுங்களன்.”

“பாண் வாங்குறவன் பேக்கரிப் போறணைக்குள்ள தலைய விடுறானா? மீன் கொண்டாற நிக்கொலஸ் கூட குசினி வாசலோட நிப்பார்.”

சொல்லிக்கொண்டே, ரோல்ஸ் தின்ற எண்ணெய் விரலால் அவள் திரையைத் தட்டினார். அஸ்ரியா கைக்குட்டையால் திரையைத் துடைத்தாள்.

குழு வந்தது. சேர் அரை மணி நேரம் பூட்டுகளைப் பற்றியே முழங்கினார். “உள்ள என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் இதிட அழகு!” குழு கைதட்டியது.

“சரி, ஓட்டிக் காட்டுங்க.”

அஸ்ரியா அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் போனது.

“இவட கோட்ல பிழை. இண்டையோட நிப்பாட்டுறன்” என்று சேர் குழுவைப் பார்த்துப் பல்லிளித்தார். அந்த இளிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அங்கே வெள்ளைச் சட்டையோடு, மூச்சிரைக்க வந்து நின்ற நிக்கொலஸ் தன் ஃபோனில் ஏதோ தட்டி முடித்தார்.

திரையில் வட்டம் நின்றது. ‘கச்சான் காத்து ஏறுது. பத்து மணிக்குப் பிறகு கடலுக்குப் போக வேணாம்.’

குழு மறுபடி கைதட்டத் தொடங்கியது. நிக்கொலஸுக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை.

“மாதா கோயில்ல ஞாயிறு பூசைக்குள்ள ஃபோன் தொட ஏலாதெண்டு எத்தின தரம் சொல்றது, சேர்?”