கட்டத்துக்குள் போன பதில்

மதுரைக்கு மாற்றலாகிப் போகிற பொற்கொடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவனிடம் கடைசியாகக் கேட்டாள். "நீங்க என்கூட வர்றீங்களா, இல்லையா?"

அந்த நேரம் பார்த்து மாசிலாமணியின் கண்ணுக்கு முன்னால், தலைக்குள் பதித்திருந்த ஆபீஸ் சிப்பின் பாஸ்வேர்ட் கட்டம் வந்து நின்றது. அது கண்முன் இருக்கும்வரை அவன் பேசுவதெல்லாம் அதற்குள்தான் போகும். எதிரில் இருப்பவர் காதில் ஒரு சொல்கூட விழாது. எதையும் தள்ளிக்கொண்டு கட்டம் முன்னால் வர வேண்டும், தவறாகச் சொன்னால் சற்று நேரம் மறைந்து மறுபடி வர வேண்டும் என்று புரோகிராம் எழுதியவனே அவன்தான்.

"வர்றேன் கொடி. உன்னை விட்டுட்டு நான் இங்க என்ன பண்ணப்போறேன்?"

கட்டத்தில் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. 'தவறான பாஸ்வேர்ட்.'

அவன் வாய் மட்டும் அசைவதைப் பார்த்த பொற்கொடியின் முகம் சுருங்கியது. "இப்பவும் ஆபீஸ்தானா?"

முதலில் இந்தச் சனியனை விரட்டியாக வேண்டும். மாதாமாதம் மாற்றச் சொல்கிறார்களே என்ற எரிச்சலில் போன வாரம் வைத்த பாஸ்வேர்டைப் பதற்றத்தோடு கத்தினான்.

"போய்த் தொலை!"

குரல் கூடம் முழுக்கக் கேட்டது. கட்டம் எப்போது மறைந்தது? முதல் தவறுக்கே அது மறைந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. பொற்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"ஐயோ, அது உனக்குச் சொன்னதில்ல!" என்று பின்னாலேயே ஓடினான். அதற்குள் கட்டம் மறுபடி வந்து நின்றிருந்தது. அதில் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.