ஒரு ஆள் போதும்

“பத்துது!” என்று ட்ரெயிலரின் பின்னாலிருந்து பெரியவர் கத்தினார்.

லொறிக்குள் பிறேக்கை மிதித்துக்கொண்டிருந்த றேமண்ட் காலை எடுத்தான்.

இந்தக் கத்தலை ஒழிப்பதற்காகத்தான் நான் வெள்ளவத்தையிலிருந்து பெட்டியும் கையுமாக பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் தாஸிம் முதலாளியின் லொறி யார்டுக்கு வந்திருந்தேன்.

யுத்தம் முடிந்து, இராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ட்ரெயிலர்கள் கொழும்பெங்கும் லொறிகளின் பின்னால் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்த காலம். அவற்றின் பிறேக் விளக்கு எரிகிறதா என்று அறிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் பின்னால் நின்று பார்த்து, எரிந்தால் ‘பத்துது’ என்று சொல்ல வேண்டும்.

நானே செய்த என் பெட்டிக்குள் பற்றரி இருந்தது. ட்ரெயிலரின் வயரை லொறியிலிருந்து கழற்றிப் பெட்டியில் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்னால் நடந்துபோய் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஆள் போதும்.

இந்தப் பெட்டியை நம்பி அரசாங்க வேலையை விட்டவன் நான். ஏறி இறங்கிய லொறிக்காரர் எல்லோரும், கத்த வாய் இருக்கும்போது பெட்டி எதற்கு என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். தாஸிம் முதலாளியும் கையை விரித்தால், பழைய அரசாங்கக் கந்தோருக்கே போய்க் காலில் விழுவதாக என் மனைவி பாலேஸ்வரியிடம் சொல்லியிருந்தேன். அவள் அந்த நம்பிக்கையில் நான் கந்தோருக்குப் போடும் வெள்ளைக் காற்சட்டையை மடித்து எடுத்து வைத்திருந்தாள்.

முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஆளின் சம்பளம் மிச்சம் என்று நான் சொன்னபோது மட்டும் முகம் கொஞ்சம் சுண்டியது.

“செஞ்சு காட்டுங்க, மாஸ்டர்.”

பெரியவர் ட்ரெயிலரின் பலகையைக் கையால் தடவியபடி ஓரமாக நகர்ந்து எனக்கு வழிவிட்டார். அவர் முதலாளியின் மூத்த சகோதரர் மீரா சாஹிப். அங்கே எல்லோருக்கும் அவர் ‘நானா’, அதாவது அண்ணன். லொறித் தொழிலைத் தொடங்கியவரே அவர்தான் என்றும், அவர் பத்துது என்று சொல்லாமல் ஒரு லொறியும் கேற்றைத் தாண்டாது என்றும் றேமண்ட் சொல்லியிருந்தான். பலகையைத் தடவுவது பழைய முதலாளியின் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

வயரைச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். பின்னால் போனேன்.

விளக்கு எரியவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

“பாத்தியளோ முதலாளி! பத்துது எண்டு இப்பதான் கத்தினவர். இது பத்தவே இல்லை!”

ஒருவரும் சிரிக்கவில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஏற்றுவதை நிறுத்தினார்கள். பெரியவர் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“வயர் இப்பதான் கழண்டது, நானா,” என்று றேமண்ட் அவசரமாகச் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெட்டி பொய் சொல்லாது. வயர் நன்றாகத்தான் இருக்கிறது, பல்புதான் எப்போதோ போய்விட்டது என்று குரலை உயர்த்தி நிரூபிக்கத் தொடங்கினேன். பல்பைக் கழற்றி, கறுத்துப்போன கண்ணாடியைப் பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அதை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

முதலாளி என் முழங்கையைப் பிடித்தார். மற்றக் கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

வெள்ளைக் காற்சட்டைதான் இனி என்று நினைத்தேன்.

அவர் பெட்டியை மேசைமேல் வைத்துக் குனிந்து, சுவிட்சைப் போட்டார். நிறுத்தினார். திரும்பவும் போட்டார்.

“நீங்க சொல்ற மாதிரி ஆளக் குறைக்க இல்ல, மாஸ்டர். இப்ப பொடியன்மார் கேற்றைத் தாண்டினதும் சந்தியில லொறிய நிப்பாட்டி, ஒருத்தன் மிதிக்க ஒருத்தன் பாக்கிறான். இது இருந்தா போறதுக்கு முந்தி இங்கயே சத்தமில்லாமப் பாத்துப்போடலாம். எல்லா லொறிக்கும் ஒவ்வொண்டு தாங்க.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாலேஸ்வரியின் முகம் கண்முன் வந்தது.

“ஆனா சுவிட்ச் போடக்குள்ள டக் எண்டு கேக்குது. அது கேக்கப்படாது. அத மாத்தித் தரேலுமா?”

மாற்றலாம் என்றேன். அந்தச் சின்னச் சத்தத்தால் யாருக்கு என்ன என்றும் கேட்டேன்.

முதலாளி சாத்திய கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நானாக்குக் கண் போய்க் கன காலம், மாஸ்டர். காது நல்லாக் கேக்கும்.”